முதலில் நிறம், பிறகுதான் பிளான்

கோவையை அடுத்த எங்கள் பேரூராட்சியில் வீட்டுப் பிளான் போட்டு அனுமதி வாங்கித் தரும் ஓர் என்ஜினீயரைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. போட்டால் கூட்டம் கூடி, இப்போது நாலில் ஒரு போனை எடுக்கிறாரே, அதையும் எடுக்கமாட்டார்.

கீழே மாவு மில், மேலே அலுவலகம். மில் ஓடும்போது மேஜை அதிரும். நில அளவைப் புலப்படத்தின் ஒரு மூலையில் டீ டம்ளரையும் மறுமூலையில் ஸ்டேப்ளரையும் வைத்துக்கொண்டுதான் பேசுவார். எத்தனை படுக்கையறை, பூஜை அறை எங்கே என்று கேட்பார் என நினைத்துப் போனேன். அவர் கேட்டது, "உங்கள் நிலம் மேப்பில் என்ன நிறம் சார்?"

குடியிருப்புக்கு மஞ்சள், விவசாயத்துக்குப் பச்சை. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று இப்படி நிறம் போட்டுக் காட்டுவதுதான் முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான். கோவையின் முழுமைத் திட்டம் அரசு ஒப்புதல் பெற்றது 1994இல். அடுத்த வரைவு மக்கள் பார்வைக்கு வந்தது 2024 பிப்ரவரியில். இடைப்பட்ட 30 ஆண்டுகளில் சோளக்காடெல்லாம் தெருவாகிவிட்டது. மேப் மட்டும் பச்சையாகவே கிடந்தது. அந்தப் பச்சையில்தான் பலர் சிக்கியிருக்கிறார்கள்.

என் மனை அங்கீகாரம் பெற்ற லே அவுட்டில் இருக்கிறது, மஞ்சள்தான். பத்திரத்தில் 30க்கு 40. அவரே டேப் பிடித்து அளந்தபோது நீளம் 39 அடி 4 அங்குலம்தான் வந்தது. பக்கத்து வீட்டுக் காம்பவுண்ட் சுவர் எட்டு அங்குலத்தைத் தின்றிருக்கிறது. பதினோரு வருடமாக அந்தச் சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை. குறைந்த அளவை வைத்தே பிளான் போட்டார்.

விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே சான்று கொடுக்கும், 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் விண்ணப்பித்தோம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமும் முதல் தளமும் என்றால் ஆய்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டணம் கட்டிய அன்றே அனுமதி கணினியில் வந்துவிட்டது. என் அப்பா 1980களில் பஞ்சாயத்து அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருந்த நாட்களை நினைத்துக்கொண்டேன். மொட்டைமாடியில் அம்மாவுக்கு ஓர் அறை கேட்டேன். "அதைச் சேர்த்தால் இந்த முறையில் போக முடியாது. போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவரிடம் வேண்டுமானால் போங்கள்" என்றார். போகவில்லை.

அதே வாரம் என் மச்சானையும் அழைத்துப் போனேன். அவர் 2018இல் வாங்கிய இடத்துக்குத் தார் ரோடு உண்டு, மின்கம்பம் உண்டு, நுழைவாயிலில் வளைவுகூட உண்டு. என்ஜினீயர் பத்திரத்தை இரண்டு முறை படித்தார். மனை என்ற சொல்லே அதில் இல்லை; 'புன்செய் நிலம் 5 சென்ட்' என்று இருந்தது. மேப்பிலும் பச்சை. அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 2016 அக்டோபர் 20க்கு முன் உருவானவற்றுக்குத்தான். இந்த மனைப்பிரிவையே அதற்குப் பிறகுதான் போட்டார்கள். நிலப் பயன்பாட்டை மாற்றக் கேட்கலாம். ஆனால் சுற்றிலும் விவசாய நிலமாக இருக்க, நடுவே 5 சென்ட்டை மட்டும் மாற்றிக் கேட்டால் எடுபடாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆறு மாதம் அலைக்கழித்திருக்கலாம். ஒரு ரூபாய் வாங்கவில்லை. மச்சான் வீடு வரும்வரை பேசவே இல்லை.

குறையும் உண்டு. 12,000 ரூபாய் என்று பேசி, பிரின்ட் செலவு, பைல் செலவு என்று 14,500 வாங்கினார். ரசீதை இரண்டு முறை கேட்ட பிறகே தந்தார். முதல் வரைபடத்தில் மாடிப்படி சமையலறை ஜன்னலை மறைத்துக்கொண்டு இறங்கியது. என் மனைவி பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டாள்; அவர் திருத்தித் தர ஒன்பது நாள் ஆனது. ஐந்தில் நான்கு நட்சத்திரம்தான்.

போகிறவர்கள் பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றிலும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். அங்கே ஜெராக்ஸ் பக்கத்துக்கு மூன்று ரூபாய். மாலை நான்கு மணிக்கு மேல் மில் ஓடாது.