மொரப்பூரில் கரி, தொப்பூரில் இறக்கை

தர்மபுரி மாவட்டத்து மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தால், நம் ரயில் வருவதற்குள் நிலக்கரி ரேக் ஒன்று, அதாவது முழுக்கக் கரி ஏற்றிய சரக்கு ரயில், தடதடவென்று போய்விடும். ஐம்பத்தெட்டு வேகன், எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒடிசாவில் வெட்டி, பாரதீப்பில் கப்பல் ஏற்றி, எண்ணூரில் இறக்கி, ஜோலார்பேட்டை வழியாக மேட்டூர் அனல் மின்நிலையத்துக்குப் போகிற கரி. அதே மாவட்டத்தில், தொப்பூர் கணவாயில் எப்போதாவது இன்னொரு ஊர்வலம் பார்க்கலாம். காற்றாலை இறக்கை ஒன்றே ஒன்றை ஏற்றிக்கொண்டு தெற்கே போகும் ட்ரெய்லர். வளைவில் அது திரும்பி முடிப்பதற்குள் பின்னால் லாரிகள் வரிசை கட்டிவிடும். இறக்கையின் நுனி எதிலும் இடிக்கிறதா என்று பார்த்தபடி ஓர் ஆள் விசிலோடு கூடவே நடந்து வருவார்.

இரண்டுமே நம்மைத் தாண்டிப் போகிறவைதான். இங்கே கரியும் விளையாது, ஆரல்வாய்மொழிக் காற்றும் அடிக்காது. இருந்தாலும் தெற்கே ஒரு காற்றாலையில் பங்கு வாங்கி, அந்த மின்சாரத்தை மின்வாரியக் கம்பி வழியாகவே எடுக்கலாம் என்பதால், கரண்ட் பில் கட்டுகிற ஆலைக்காரர்கள் காற்றா கரியா என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். நானும் ஒரு கணக்குப் போட்டேன்.

ஒரு ரேக்கில் சுமார் 3,800 டன் வரும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் கரி என்று வைத்தால், ஒரு ரேக் 54 லட்சம் யூனிட். 2 மெகாவாட் காற்றாலை ஒன்று, ஆண்டு முழுக்க சராசரியாக நாலில் ஒரு பங்கு திறனில் ஓடினால், ஆண்டுக்கு 44 லட்சம் யூனிட். அதாவது ஒரு காற்றாடி ஒரு வருஷம் சுற்றி எடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஒரே ரயில் கொண்டுவந்து கொட்டிவிடுகிறது. மேட்டூரின் 1,440 மெகாவாட்டும் முழு வீச்சில் ஓடினால் நாளொன்றுக்கு இப்படி ஆறு ரேக் வேண்டும். கரியின் பலம் அதுதான். தொல்லையும் அதேதான்: நாளைக்கும் ஆறு, நாளன்றைக்கும் ஆறு. போதாததற்கு நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். எரிக்கப்போகிற கரியோடு சாம்பலுக்கும் சேர்த்துத்தான் கப்பல் வாடகை. (அந்தச் சாம்பல் செங்கல்லாகித் திரும்பி வருவது தனிக் கதை.) காற்றாடிக்குக் கரி வேண்டாம், ஆனால் காற்று வேண்டும். அதில் பெரும்பங்கு மே முதல் செப்டம்பர் வரைதான்.

என்னைக் கேட்டால் விலையை விட முக்கியம் அந்த மாதக் கணக்குதான். என் மச்சானுக்குக் கிரானைட் பாலிஷிங் பட்டறை. ஜனவரியிலும் கல் வரும், ஜூனிலும் வரும். காற்று அடங்கிய மாதங்களில் அவர் பட்டறையை ஓட்டுவதில் கரிக்குத்தான் பெரும்பங்கு, அதை ஒத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நண்பர் ஒருவருக்குக் காவேரிப்பட்டினம் பக்கம் மாங்கூழ் ஆலை. பெங்களூரா மாங்காய் லாரிகள் வாசலில் நிற்பது ஜூன், ஜூலையில். அப்போதுதான் அவருக்குப் பில் எகிறும். தெற்கே காற்றாடிகள் வெறி பிடித்துச் சுற்றுவதும் அப்போதுதான். காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான ஆலை இந்தப் பக்கம் இல்லை. மச்சானிடம் சொன்னேன். “அப்போ எனக்கு டிசம்பர்ல யார் காத்தடிப்பா?” என்றார். அதற்கும் வழி உண்டு: மிச்ச யூனிட்டை மின்வாரியத்திடம் ‘பேங்கிங்’ போட்டுப் பிறகு எடுப்பது. பழைய காற்றாலைகளுக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச் வரை அந்தச் சலுகை உண்டு, மின்வாரியம் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டுதான். புதியவற்றுக்கு விதிகள் இறுகிவிட்டன. அதனால் மச்சானுக்கு நான் காற்றைப் பரிந்துரைக்கவில்லை.

கரி தோண்டுகிறவர்களே காற்றாடி நடுவது இன்னும் சுவாரசியம். நெய்வேலி என்றாலே பழுப்பு நிலக்கரிதான், ஆனால் அந்த நிறுவனம் தென்காசிப் பக்கம் கழுநீர்குளத்தில் 51 மெகாவாட்டுக்குக் காற்றாலை வைத்திருக்கிறது. சுரங்கம் நெய்வேலியில், காற்றாடி தென்காசியில். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊருக்குக் காற்றாடியால் என்ன வேலை கிடைத்தது என்று கேட்டால் பதில் சங்கடமாகத்தான் இருக்கும்.

காற்றின் பக்கமும் ஓட்டை இருக்கிறது. நன்றாக அடிக்கிற நாளில், அவ்வளவு மின்சாரத்தைக் கம்பி தாங்காது என்று காற்றாடியை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். வாங்கி வைத்தவன் வயிறு எரியும். கரியின் பக்கம் பார்த்தால் மேட்டூரின் பழைய அலகுகளுக்கும் வயதாகிவிட்டது, முதலாவது 1987-இல் ஓடத் தொடங்கியது.

இவ்வளவும் எச்.டி. இணைப்பு, அதாவது ஆலைகளுக்கான உயர் அழுத்த இணைப்பு, உள்ளவர்களுக்கு. நம் வீட்டுக்கு எது வருகிறது என்று கம்பியைப் பார்த்துச் சொல்ல முடியாது, எல்லாம் கலந்துதான் வரும்.

மாங்கூழ் நண்பர் கூட்டுக் காற்றாலை ஒன்றில் பங்கு பேசிக்கொண்டிருக்கிறார். மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் பங்குதாரர்கள் எல்லோரும் சேர்ந்து குறைந்தது 26 விழுக்காடு முதலீடு போட வேண்டும், ஆண்டு உற்பத்தியில் பாதிக்கு மேல், அதாவது குறைந்தது 51 விழுக்காடு, தாங்களே செலவழிக்கவும் வேண்டும். விலை படியவில்லையாம். விற்கிறவர் கியர் பாக்ஸ் மாற்றிய ரசீதைக் காட்ட மாட்டேன் என்கிறார், இவர் அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.