அக்டோபர்ஃபெஸ்ட் மேசைக்கு 3,200 யூரோ கொடுத்துவிட்டு வாசலில் நின்றோம்: போகவிருப்பவர்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்

கடந்த வெள்ளிக்கிழமை, 2025 செப்டம்பர் 26ஆம் தேதி மாலை, ஜெர்மனியின் மியூனிக் நகரில் அக்டோபர்ஃபெஸ்ட் பீர் விழா நடக்கும் தெரேசியன்வீஸ திடலில், ஒரு பெரிய பீர்க் கூடாரத்தின் பக்கவாட்டு வாசலில் நாங்கள் பத்துப் பேர் கையில் பத்துச் சீட்டுகளுடன் நின்றுகொண்டிருந்தோம். அந்தச் சீட்டுகளுக்கு நாங்கள் கொடுத்த தொகை 3,200 யூரோ. உள்ளே எங்களுக்கு ஓர் இருக்கைகூட இல்லை. கோபம் தணிந்த பிறகு எழுதலாமே என்று மனைவி சொன்னார். தணிந்த பிறகு எழுதினால் பெருந்தன்மையாக எழுதிவிடுவேனோ என்ற பயத்தில் இப்போதே எழுதுகிறேன்.

நாங்கள் கோயம்புத்தூரில் ஒரே விடுதியில் தங்கிப் படித்து, 2005இல் பிரிந்தவர்கள். இருபது ஆண்டு நிறைவை எங்காவது ஒன்றுகூடிக் கொண்டாட வேண்டும் என்று பேசிப் பேசி, கடைசியில் ஐரோப்பாவில் இருப்பவர்களே அதிகம் என்பதால் மியூனிக் முடிவானது. லண்டனிலிருந்து இருவர், நெதர்லாந்தின் ஐந்தோவனிலிருந்து ஒருவர், பிராங்பர்ட்டிலிருந்து மூவர் வந்தார்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து நானும் மனைவியும் இன்னொரு நண்பரும் போனோம். இவர்கள் எல்லோரையும்விட முக்கியமானவன், விசாவுக்காக இரண்டு மாதம் அலைந்து சென்னையிலிருந்து வந்து சேர்ந்தவன். கல்லூரியில் என்.சி.சி. பேண்டில் டிரம்பெட் வாசித்தவன் என்பதால் இன்றும் எங்களுக்கு அவன் 'ஊதல்'தான். பீரில் அவனுக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. கூடாரத்தின் நடுமேடையில் உட்கார்ந்து பித்தளைக் கருவிகளை வாசிக்கும் பவேரிய இசைக்குழுவை ஒருமுறையாவது பக்கத்திலிருந்து கேட்க வேண்டும் என்பதே அவனுடைய ஆசை.

அதனால்தான் நேரமும் எங்களுக்கு முக்கியமாக இருந்தது. அந்தக் கூடாரங்களில் மாலை ஆறு மணி வரை 85 டெசிபலுக்கு மிகாமல் மரபான பித்தளை இசைதான் ஒலிக்க வேண்டும் என்பது 2005 முதல் நடைமுறையில் இருக்கும் விதி. ஆறு மணிக்கு மேல் கிட்டாரும் பாப் பாட்டுகளும் வந்துவிடும். எல்லோரும் பெஞ்சின் மேல் ஏறி நின்று ஆடத் தொடங்கிவிடுவார்கள். நாலரை மணிக்குத் தொடங்கும் மேசை கிடைத்தால் ஊதலுக்கு ஒன்றரை மணி நேரம் அவன் கேட்க விரும்பிய இசையும், எஞ்சியவர்களுக்கு அதன் பிறகான கூத்தும் கிடைக்கும் என்று நான் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. மேசையைத் தேடிய இடத்தில்தான் தவறினேன்.

மே மாதத்தில் மூன்று கூடாரங்களுக்கு நேரடியாக எழுதிக் கேட்டேன். மூன்றிலிருந்தும் வெள்ளி மாலை நிரம்பிவிட்டது என்றே பதில் வந்தது. அதன் பிறகு இணையத்தில் தேடியபோதுதான் இந்த மறுவிற்பனைத் தளம் கண்ணில் பட்டது. விழா மேசைகளை வாங்கி விற்கும் இடைத்தரகுத் தளம் என்பதற்கு மேல் அதன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பத்துப் பேருக்கான மேசை 3,300 யூரோ என்று போட்டிருந்தார்கள். உடனே வாங்கிவிடவில்லை. தயங்கினேன், தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். அந்த அழைப்பில்தான் விழுந்தேன்.

மறுமுனையில் பேசியவர் அவசரப்படுத்தவே இல்லை. கூடாரத்தின் வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்பி, அதில் ஒரு மேசையைப் பச்சை நிறத்தில் குறித்து, மேடையிலிருந்து மூன்றாவது வரிசை, உங்கள் நண்பருக்கு டிரம்பெட் வாசிப்பவரின் விரல்கள்கூடத் தெரியும் என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, உங்களில் சைவம் யாரேனும் உண்டா என்று விசாரித்தார். இருவர் உண்டு என்றேன். அப்படியானால் அரைக்கோழிக்குப் பதிலாக அவர்களுக்குச் சீஸ் சேர்த்த ஸ்பெட்ஸ்ல நூடுல்ஸ் வரும்படி குறித்துவைக்கிறேன் என்றார். பதினோரு ஆண்டுகளாக ஜெர்மனியில் இருக்கிறேன், என்னிடம் இதைத் தானாக முன்வந்து கேட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். ஏமாற்றுபவன் எதற்காக இதையெல்லாம் கேட்கப் போகிறான் என்று எனக்குத் தோன்றியது. இதையெல்லாம் கேட்பவன்தான் ஏமாற்றத் தெரிந்தவன் என்பது இப்போது புரிகிறது.

கடன் அட்டைக்குப் பதிலாக வங்கிப் பரிமாற்றம் செய்தால் நூறு யூரோ தள்ளுபடி என்றார். நானும் நூறு யூரோ மிச்சம் பிடித்த பெருமையோடு 3,200 யூரோவை அனுப்பினேன். நம் ஊர்ப் பணத்தில் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல். அட்டையில் செலுத்தியிருந்தால் இன்று வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கோர ஒரு வழியாவது இருந்திருக்கும்.

சீட்டுகள் விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு வீட்டுக்கு வரும் என்றார்கள், வரவில்லை. கேட்டபோது, திருட்டைத் தவிர்ப்பதற்காக இந்த ஆண்டு நேரில் கொடுக்கிறோம் என்றார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் எங்கள் ஹோட்டல் வரவேற்பறைக்கு ஓர் இளைஞன் மிதிவண்டியில் வந்து உறையைக் கொடுத்து, ஒரு தாளில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனான். உறைக்குள் பீருக்கும் கோழிக்குமான சீட்டுகள் இருந்தன. உள்ளே விடுவதற்கு மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கைப்பட்டைகள் இல்லை. வாசலில் தருவார்களாயிருக்கும் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

வாசலில் நின்ற காவலர் சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கூடாரத்தின் முன்பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அம்மையார் எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இந்த முன்பதிவு இணையத்தில் விலைக்கு வந்ததைக் கண்டறிந்து ஆகஸ்ட்டிலேயே ரத்து செய்துவிட்டோம், இன்று நீங்கள் முதல் குழு அல்ல என்றார். அவர் குரலில் இரக்கம் இருந்தது. ஆனால் மேசை இல்லை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கூடாரம் நிரம்பி முன்வாசலை அடைத்துவிட்டார்கள். வெளித் தோட்டத்திலும் இடமில்லை. உட்கார்ந்தவர்களுக்குத்தான் பீர் கொடுப்பார்கள். "விடுடா மச்சான், இங்கிருந்தே கேட்குது" என்று சொல்லிவிட்டு ஊதல் கூடாரத் துணிக்குப் பக்கத்தில் கம்பித் தடுப்பில் சாய்ந்து நின்றான். உள்ளே வாசித்த மெட்டுக்கு ஏற்ப அவனுடைய வலக்கையின் மூன்று விரல்கள் கம்பியின் மேல் அழுந்தி அழுந்தி எழுந்தன. ஆறு மணிக்குப் பித்தளை ஓசை நின்று கிட்டார் தொடங்கியதும் போகலாம் என்றான். அன்று நாங்கள் குடித்த பீர், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வாங்கிய பாட்டில் பீர்.

வாசலிலிருந்தே அந்தத் தளத்தை ஏழு முறை அழைத்தேன். ஆறு முறை இசை மட்டும் ஒலித்தது. ஏழாவது முறை எடுத்தவர், முன்பு பேசியவர் விடுமுறையில் இருப்பதாகவும், மின்னஞ்சல் எழுதினால் மூன்று வேலை நாளில் பதில் வரும் என்றும் சொன்னார். சனிக்கிழமை வந்த பதிலில், சீட்டுகளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக நான் கையெழுத்திட்டிருப்பதால் அவர்களுடைய கடமை நிறைவேறிவிட்டது என்றும், உள்ளே விடுவது கூடார உரிமையாளரின் விருப்பம் என்றும் இருந்தது. மிதிவண்டிக்காரனிடம் போட்ட கையெழுத்து எதற்கு என்பது அப்போதுதான் விளங்கியது. நான் மறுபடி எழுதியதற்கு, நல்லெண்ணத்தின் அடையாளமாக அடுத்த ஆண்டு முன்பதிவில் 50 யூரோ கழிவு தருகிறோம் என்று திங்கட்கிழமை எழுதினார்கள். 3,200 யூரோ போனவனுக்கு, அதே கடையில் திரும்பவும் வாங்கினால் 50 யூரோ! வங்கியில் கேட்டால், நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம் என்கிறார்கள். காவல்துறையில் புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் முகவரி ஜெர்மனியில் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, பொறுமையாக இருக்கும்படி அறிவுரையும் கொடுத்திருக்கிறார்கள்.

இனி நான் காலம் கடந்து தெரிந்துகொண்டவை. திடலுக்குள் நுழையக் கட்டணமே கிடையாது. கூடாரத்தில் நேரடியாக மேசை பதிவு செய்தால், பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு லிட்டர் பீருக்கும் அரைக்கோழிக்குமான சீட்டுகளைத்தான் முன்கூட்டி வாங்கச் சொல்வார்கள். 2025இல் ஒரு லிட்டர் பீர் 14.50 முதல் 15.80 யூரோ வரை விற்றது. கோழியையும் சேர்த்தால் ஆளுக்கு ஐம்பது யூரோவை ஒட்டி வரும். நாங்கள் கொடுத்தது ஆளுக்கு 320. இப்படி மறுவிற்பனை செய்த ஒரு நிறுவனத்துக்கு எதிராக, ஒரு கூடார உரிமையாளர் தொடுத்த வழக்கில், 2021இலேயே மியூனிக் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பணம் அனுப்புவதற்கு முன் பத்து நிமிடம் தேடியிருந்தால் எனக்கும் கிடைத்திருக்கும் செய்திதான்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது முடிந்த மட்டும் சொல்கிறேன். மேசையைக் கூடாரத்திடம் மட்டுமே வாங்குங்கள். வேறு யாரிடமும், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், வங்கிப் பரிமாற்றம் செய்யாதீர்கள். உறையைப் பிரித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மேசை கிடைக்கவில்லையென்றால் வார நாளில் முற்பகலிலேயே போய்விடுங்கள்; கூடாரங்களில் ஒரு பகுதி இருக்கைகளை முன்பதிவு இல்லாதவர்களுக்காக வைத்திருப்பார்கள், பித்தளை இசையும் பகல் முழுவதும் இருக்கும். பழைய இசைதான் வேண்டுமென்றால், 2025இல் திடலின் தெற்கே ஓய்டெ வீஸ்ன் என்று தனியாக ஒரு பகுதி இருந்தது. அப்போது நுழைவுக் கட்டணம் நான்கே யூரோ. ஊதலை அங்கே அழைத்துப் போயிருக்கலாம். அவன் ஞாயிறு காலை விமானம் ஏறிவிட்டான்.

கைப்பைகளைப் பற்றியும் ஏதோ எழுத நினைத்திருந்தேன். வங்கியிலிருந்து பத்து மணிக்கு அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், மணி பத்தாகப் போகிறது.