திறப்பு விழாவுக்கு ‘அரங்கின் அர்ப்பணிப்பு’: எடுக்கலாமா?

பீத்தோவனின் ஓவர்ச்சர் (நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் இசை), ஓபஸ் (படைப்பு எண்) 124. வியன்னாவின் யோசஃப்ஸ்டாட் அரங்கம் புதுப்பிக்கப்பட்டு 3 அக்டோபர் 1822 அன்று திறந்தபோது வாசிக்க எழுதியது. நாடக அரங்குக்கானது என்றாலும், புது இசை அரங்குக்கு இதைவிடப் பொருத்தமான ஓவர்ச்சர் கிடைப்பது அரிது.

தொடக்கமே முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒன்றாக எழுப்பும் ஐந்து ஓசை அடிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மௌனம். அந்த மௌனங்களில்தான் அரங்கின் எதிரொலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். நடத்துநர் அவசரப்பட்டால் இந்தப் பகுதி வீண்.

அடுத்து மெதுவான அணிவகுப்பு, பிறகு டிரம்பெட் முழக்கம். சிக்கல் இங்கேதான். முழக்கத்துக்கு அடியில் பசூன்கள் (தாழ்ந்த சுர மரக்காற்றுக் கருவிகள்) விறுவிறுவென ஓடும். டிரம்பெட்காரர்கள் கொஞ்சம் மிஞ்சினாலும் அது காதில் விழாது. ஒத்திகையில் பசூனைத் தனியே வாசிக்க வைத்து, அரங்கின் கடைசி வரிசையில் ஒருவரை உட்கார்த்திக் கேட்கச் சொல்லுங்கள். காலி அரங்கில் எதிரொலி கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அதன்பின் வரும் அலெக்ரோ (வேகப் பகுதி) இசையமைப்பாளர் ஹாண்டலின் பாணியில், ஃபியூக் போல, அதாவது ஒரே மெட்டைக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பதுபோல, பின்னியது. வேகம் கூடினால் வயலின்களின் பதினாறாம் சுரங்கள் (மிகக் குறுகிய, வேகமான சுரங்கள்) கஞ்சியாகிவிடும். எதிரொலி அதிகமுள்ள அரங்கு என்றால் வேகத்தைக் குறைத்து, வில்லைச் சுருக்கமாக இழுக்கச் சொல்வது நல்லது.

ஆள் கணக்கு: மரக்காற்றுக் கருவிகள் ஜோடி ஜோடியாக, நான்கு ஹார்ன், இரண்டு டிரம்பெட், மூன்று டிரம்போன், டிம்பனி, தந்திக் கருவிகள். பத்துப் பன்னிரண்டு நிமிடம். மனதில் ஒட்டும் மெட்டு என்று பெரிதாக எதுவும் இல்லை. அது ஒன்றுதான் குறை.