நொய்யல் கரைக்கு எது பொருந்தும்: ஆர்.ஓ.வா, ஓசோனா, தொட்டிக்கரியா?

சாக்கடையில் கலந்து வரும் மருந்து எச்சங்களை நீக்க ஆர்.ஓ., ஓசோன், தேங்காய்த் தொட்டிக்கரி ஆகியவற்றில் எது நமக்கு ஏற்றது என்பதே கேள்வி. கோவை உக்கடத்தில் உள்ள கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டரைக் கையாளும் திறனுடையது. அங்கும், அதுபோன்ற பிற நகராட்சி நிலையங்களிலும், நுண்ணுயிர்களை வளர்த்து அவற்றைக் கொண்டு கழிவைத் தின்ன வைக்கிறார்கள். பாராசிட்டமால், இப்யூபுரோஃபென், காபியில் உள்ள காஃபீன் ஆகியவற்றை அந்த நுண்ணுயிர்கள் பெருமளவு சிதைத்துவிடும். ஆனால் வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெபைன் ஏறத்தாழ வந்தபடியே வெளியேறுகிறது. வலிநிவாரணியான டைக்ளோஃபெனாக் ஓரளவே குறைகிறது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம், அல்லது அதற்கும் கீழே இருக்கும் இந்த நுண்மாசுகளைப் பொருட்படுத்தாமல் விட எனக்கு மனம் வரவில்லை. சுத்திகரித்த நீர் போய்ச் சேரும் குளத்தில் நிற்கும் நீர்தான் ஊறிச் சென்று அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் போர்வெல்களையும் நிரப்புகிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் உடல் வழியே பாறு கழுகுகளைக் கொன்ற கதை மோயாற்றுப் பள்ளத்தாக்கை அடுத்து வாழும் நமக்குத் தெரியும். 2006-இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. நீரில் வருவது அதைவிட மிகச் சிறிய அளவு, வழியும் வேறு, பொருள் அதேதான்.

இதற்கெனச் சட்டமே இயற்றிய நாடு சுவிட்சர்லாந்து. 2016 முதல் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையங்கள் குறிப்பிட்ட நுண்மாசுகளில் 80 விழுக்காட்டை நீக்கியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் திருத்திய விதிகள், இச்செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்கள் மீது சுமத்துகின்றன. அங்கே பெரும்பாலும் போட்டி மாசை உடைக்கும் ஓசோனுக்கும், அதைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் கரிக்கும் இடையேதான். நம் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று எப்போதும் முன்வரிசையில் நிற்கிறது: திருப்பூர்ச் சாயப்பட்டறைகளால் பழக்கமான ஆர்.ஓ., அதாவது நீரை நுண்சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் முறை.

ஆர்.ஓ. சவ்வு பெரும்பாலான மருந்துப் பொருள்களைத் தடுத்துவிடும். வெளிவரும் நீரின் தூய்மையில் மற்ற இரண்டும் அதற்கு ஈடாகாது. ஆனால் அது எதையும் அழிப்பதில்லை, ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறது. சவ்வைக் கடக்காமல் ஒதுங்கும் நீர், அதாவது ரிஜெக்ட், நான்கில் ஒரு பங்கு என்று வைத்தாலும், உக்கடம் அளவுள்ள நிலையத்தில் நாள்தோறும் 1 கோடியே 75 லட்சம் லிட்டர் உவர்நீர் மிஞ்சும். விலக்கிய மருந்துகள் அத்தனையும் அதற்குள் இருக்கும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ரிஜெக்ட்டைக் கொதிக்க வைத்து உப்பாக்குவதற்கு எவ்வளவு விறகும் மின்சாரமும் பணமும் தேவை என்பதைத் திருப்பூர் கற்றுக்கொண்டது. உப்பையும் நீரையும் திரும்பப் பயன்படுத்தும் தொழிலுக்கு அந்தச் செலவு கட்டுபடியாகலாம். நொய்யலிலும் குளத்திலும் விடப்போகும் நகராட்சி நீருக்கு அது கட்டாது என்பது என் துணிபு. ஆயிரம் லிட்டருக்கு அரை யூனிட் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் நாளுக்கு 35,000 யூனிட் ஆகிறது.

ஓசோனுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 350 கிலோ ஓசோன். கிலோவுக்குச் சுமார் 10 யூனிட் வீதம் 3,500 யூனிட். ஆக்சிஜன் செலவு தனி. கார்பமசெபைனும் டைக்ளோஃபெனாக்கும் ஓசோன் பட்ட வேகத்தில் உடைந்துவிடுகின்றன, கிருமிகளும் குறைகின்றன. இவ்வளவு சாதகம் இருந்தும் நான் தயங்குவதற்குக் காரணம், ஓசோன் தனக்கு முன்னால் இருக்கும் கட்டத்தின் ஒழுங்கை முழுவதுமாக நம்பியிருப்பது. காற்று போதாமல் கழிவின் அம்மோனியா பாதி மாற்றத்தில் நின்றுவிட்டால் வருவது நைட்ரைட். லிட்டருக்கு நைட்ரைட்டாக 1 மில்லிகிராம் நைட்ரஜன் மிஞ்சினாலும் அது 3.4 மில்லிகிராம் ஓசோனை விழுங்கிவிடும். அதாவது காற்றூட்டும் புளோயர் ஒருநாள் பழுதானால் மறுநாள் ஓசோன் போட்டும் பலனில்லை. அடுத்தது, உப்போடு சேர்ந்து வரும் புரோமைடு. உப்பேறிய போர்வெல் நீரோ, உப்புப் பயன்படுத்தும் பட்டறைக் கழிவோ சாக்கடையில் கலந்திருந்தால், ஓசோன் அதிலுள்ள புரோமைடைத் தீங்கான புரோமேட்டாக மாற்றக்கூடும். குடிநீரில் அதற்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் உச்சவரம்பு. மருந்துகள் மறைவதுமில்லை, வேறு பொருள்களாகின்றன. ஆகவே அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வாழும் ஒரு மணல் வடிகட்டி பின்னால் கட்டாயம் வேண்டும். புற ஊதாக் கதிரோடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்க்கும் முறையும் உண்டு. கழிவுநீரில் அதற்கு ஆகும் மின்சாரத்தைப் பார்த்தால் இங்கே மேலும் பேச வேண்டியதில்லை.

கரியில் இரு வழிகள் உள்ளன. தூளாகக் கலந்தால் லிட்டருக்கு 15 மில்லிகிராம் கணக்கில் நாளுக்கு ஒரு டன்னுக்கு மேல் தேவைப்படும். அது கசட்டோடு சேர்ந்துவிடுவதால் அந்தக் கசட்டை எரிக்க வேண்டுமே தவிர, தோட்டத்துக்கு எருவாகக் கொடுக்க முடியாது. குருணையாகத் தொட்டியில் நிரப்பி அதன் வழியே நீரைச் செலுத்துவது இரண்டாவது வழி. நீர் 20 நிமிடம் கரியில் தங்க வேண்டுமானால் உக்கடம் அளவுக்குச் சுமார் 970 கன மீட்டர், ஏறக்குறைய 450 டன் கரி வேண்டும். அது தன் கொள்ளளவைப் போல் 20,000 மடங்கு நீரைத் தாங்கினால் ஒன்பது மாதம் உழைக்கும். பிறகு சூளையில் சூடேற்றி மீட்டெடுக்கலாம். புளோயர் ஒருநாள் நின்றாலும் கரி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், புரோமேட் உண்டாக்காது, நீர் ஒட்டாத துணிகளுக்குப் பூசப்படும் நீள்சங்கிலி ஃபுளோரின் சேர்மங்களையும் ஓரளவு பிடிக்கும். ஓசோனால் அது முடியாது.

பொள்ளாச்சியிலும் காங்கேயத்திலும் தேங்காய்த் தொட்டி இருக்கும்போது கரிக்கு என்ன பஞ்சம் என்று தோன்றுவது இயல்பு. தொட்டிக்கரி கெட்டியானது, கழுவும்போது எளிதில் தேயாது. ஆனால் அதன் துளைகள் மிக நுண்ணியவை; கழிவுநீரில் எஞ்சியிருக்கும் பெரிய கரிமப் பொருள்கள் அவற்றின் வாயை அடைத்துவிடக்கூடும். அகன்ற துளைகளும் கலந்த நிலக்கரி வகை இங்கே மேலாக அமைவதுண்டு. தொட்டியைக் குழியில் போட்டுச் சுடும் புகையும், அணைக்கும் நீர் கிணற்றில் இறங்குவதும் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்ச் சேரும் கேடுகள். நீரைத் தூய்மைப்படுத்த அந்தக் கேட்டை விலைக்கு வாங்கக் கூடாது. மூடிய சூளையில் சுட்ட கரி என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

ஓசோன், கரி இரண்டுக்கும் எளிதில் பிடிபடாதது, ஸ்கேன் எடுக்குமுன் ஊசியில் ஏற்றும் அயோடின் மருந்து. மருத்துவமனைகள் நிறைந்த கோவையில் அதை அங்கேயே, நோயாளியின் சிறுநீரைத் தனியே சேகரித்துத் தடுப்பதுதான் வழி.

என் தேர்வு குருணைக்கரிதான், அதுவும் நைட்ரைட் மிஞ்சாத நீரை மணலில் வடித்த பிறகு. சிறுவாணி, பில்லூர் நீரை மட்டும் புழங்கும் பகுதிகளின் கழிவில் புரோமைடை ஓராண்டு அளந்து, குறைவாக இருந்தால் ஓசோனையும் முன்னால் சேர்க்கலாம். கரியின் ஆயுள் நீளும். திருப்பூரை ஒட்டிய நிலையங்களில் அந்தத் துணிவு எனக்கு இல்லை. முதல் வேலை சிறியது: ஏதேனும் ஒரு நிலையத்தில் இரண்டு குழாய்களை நிறுத்தி, ஒன்றில் தொட்டிக்கரியும் மற்றொன்றில் நிலக்கரிக் கரியும் நிரப்பி, ஒரே நீரை இரண்டிலும் விட்டு, எதில் கார்பமசெபைன் முதலில் கசிகிறது என்று கோடையிலும் ஐப்பசி மழையிலும் அளந்து பார்ப்பது.