பல்சக்கரம் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது என்று வெள்ளி ரேட் கொடுத்துவிடாதீர்கள்

கையால் செய்த வெள்ளி டாலர், உள்ளே பல்சக்கரம் நிஜமாகவே சுற்றும், சின்ன விளக்கும் எரியும் என்று ஊட்டிப் பக்கம் ஒரு பட்டறையில் செய்து தருகிறார்கள். அங்கே எனக்கு நடந்ததை எழுதுகிறேன். பட்டறை பெயரைக் கேட்காதீர்கள், நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறோம். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அப்பா குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு அம்மாவுக்கு ஊட்டி மலை ரயில் டிசைனில் ஒரு டாலர் செய்து போடலாம் என்று எனக்கு ஆசை. கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் பட்டை ஓடுமே, குன்னூர் வரைக்கும், அதேபோலச் சின்னதாக ஒரு பட்டை. ஓரத்தில் இருக்கும் பிடியைத் தள்ளினால் பல்சக்கரம் அதன்மேல் ஏற வேண்டும், முன்னால் ஒரு விளக்கு எரிய வேண்டும். பட்டறைக்காரர் ஏற்கனவே செய்து வைத்திருந்த ஒரு சாம்பிளைக் காட்டினார். அதைக் குறை சொல்ல மாட்டேன், அருமையான வேலை. பொடி வைத்துப் பற்றவைத்த இடம் கண்ணுக்கே தெரியவில்லை. கை சுத்தமான ஆள்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

925 வெள்ளி என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்தார். மொத்த எடை 42 கிராம், அன்றைய வெள்ளி ரேட், அதற்கு மேல் செய்கூலி, எல்லாம் சேர்த்து ₹19,000. பாதி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். பில் கேட்டபோது அச்சடித்த எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கொடுத்து, ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் கூட ஆகும் என்றார். பின்பக்கம் '925' என்று அழகாக முத்திரை குத்தியிருந்தது.

வந்த புதிதில் எல்லாம் ஜோர். சொந்தக்காரர்கள் எல்லாரும் வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் சக்கரம் பாதியில் நின்றது. பிறகு விளக்கு மங்கியது. அப்புறம் அம்மா கழுத்தில் டாலர் படுகிற இடம் சிவந்து அரிக்க ஆரம்பித்தது. தோல் டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "கவரிங் போடுறீங்களா?" என்பதுதான். வெள்ளி என்றோம். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வருகிற மாதிரி இருக்கிறது, கழற்றி வைத்துவிட்டு வாருங்கள் என்றார். 925 வெள்ளியில் மீதி இருக்கும் 7.5 சதவீதம் பெரும்பாலும் செம்புதான். நிக்கலுக்கு அங்கே என்ன வேலை?

அப்பா லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்கப் பல்சக்கரத்தோடு மல்லுக்கட்டிய மனிதர். ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "இதுல ஒண்ணுதான் கண்ணு சக்கரம். மத்த ரெண்டும் பொட்டு மாதிரி ஒட்டியிருக்கான்" என்றார். நிஜமாகவே, மூன்று சக்கரத்தில் இரண்டு பழைய கைக்கடிகாரத்திலிருந்து கழற்றியவை, பசை வைத்து ஒட்டியிருந்தது. சுற்றுகிற ஒன்றுக்கும் அடியில் இருக்கும் பட்டைக்கும் பல் இடைவெளி சேரவில்லை. சக்கரத்தின் அச்சு ஊசி நிற்கும் துளையில் புஷ், அதாவது தேயாமல் தாங்குகிற வளையம், கிடையாது, துளை தேய்ந்து முட்டை வடிவமாகி, சக்கரம் சாய்ந்து கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. நம் ரயிலில் பல் பட்டை இரட்டையாக இருக்கும், ஒன்றின் பல் மற்றதற்கு அரைப் பல் தள்ளி நிற்கும், அதனால் எப்போதும் ஏதோ ஒரு பல் பிடித்துக்கொண்டே இருக்கும். அதைக்கூட எதிர்பார்க்கவில்லை. ஒற்றைப் பட்டையையாவது ஒழுங்காக வெட்டியிருக்கலாம் என்பதுதான் அப்பாவின் வருத்தம்.

பின் தகடு ஸ்க்ரூ இல்லாமல் பசையால் ஒட்டியிருந்தது. மெல்லிய பிளேடு விட்டு அப்பா பிரித்தார். உள்ளே ரெசின் ஊற்றி, அதில் புதைந்து ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி. ஒயரை நேரடியாக பேட்டரி மேலேயே சால்டர் பண்ணியிருந்தார். இதைச் செய்யவே கூடாது. அந்தச் சூட்டில் பேட்டரியின் சீல் கெடும், கசியும், வெடிக்கவும் செய்யலாம். ஹோல்டர் வைக்க வேண்டும், இல்லையென்றால் தகடு நாக்கு வெல்ட் பண்ணியே வருகிற பேட்டரி விற்கிறது, அதை வாங்க வேண்டும். எங்களுடையதில் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. நம்ம ஊர் பனியும் மழையும் வேறு. விளக்கு சீக்கிரம் மங்கியதற்கும் காரணம் இருக்கிறது. வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், பேட்டரியே 3 வோல்ட்தான், கொஞ்சம் இறங்கினாலும் வெளிச்சம் போய்விடும். சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போதும்.

வீட்டில் குழந்தை இருப்பவர்களுக்கு ஒன்று. இந்த பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், அது உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். பசையால் ஒட்டிய மூடி கழன்று விழுகிற நகையை குழந்தை இருக்கிற வீட்டில் வைக்கவே வைக்காதீர்கள்.

சரி, எடைக்கு வருவோம். பேட்டரி மட்டுமே 3 கிராம் வரும். அதோடு ரெசின், ஒயர், ஒட்டு சக்கரங்கள் எல்லாம் சேர்த்து 13 கிராம் நின்றது. 42 கிராமுக்கும் வெள்ளி ரேட் போட்டிருக்கிறார்! கல் வைத்த நகைக்கே கல் எடையைக் கழித்துத்தான் போடுவார்கள். இங்கே பேட்டரியை வெள்ளி விலைக்கு வாங்கியிருக்கிறோம்.

மீதி 29 கிராமாவது வெள்ளியா என்று பார்க்க, பின் தகட்டை மட்டும் சுத்தமாகத் துடைத்து எடுத்துக்கொண்டேன். நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். தகடு 6.45 கிராம். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எடையை ஜீரோ ஆக்கிவிட்டு, தகட்டை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படியும் அடியில் தொடாதபடியும் பிடித்தேன். தராசு 0.75 காட்டியது. முதல் எடையை இதால் வகுத்தால் 8.6, இதுதான் உலோகத்தின் அடர்த்தி. 925 வெள்ளிக்கு 10.3க்கு மேல் வர வேண்டும், அதாவது தராசு 0.62 அளவில் நின்றிருக்க வேண்டும். 8.6, 8.7 என்பது ஜெர்மன் சில்வர் வரிசை. பெயரில் மட்டும்தான் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது, ஒரு பொட்டு வெள்ளி கிடையாது. அம்மா கழுத்து ஏன் அரித்தது என்றும் தெரிந்துவிட்டது.

ஆனாலும் நான் சொன்னால் ஒத்துக்கொள்வாரா? கோயமுத்தூரில் டச் (உலோகத்தின் சுத்தம்) பார்க்கிற கடைக்குக் கொண்டுபோனேன். மெஷினில் வைத்தால் நல்ல வெள்ளி என்று காட்டுகிறது! கடைக்காரர் சிரித்துவிட்டு ஓரத்தில் அரத்தால் லேசாக ராவி மறுபடி வைத்தார். செம்பு, நிக்கல், துத்தநாகம். அந்த மெஷின் மேல்பரப்பை மட்டும்தான் படிக்கும், முலாம் கனமாகப் போட்டிருந்தால் ஏமாந்துவிடும். அதனால் யாராவது மெஷின் ரிப்போர்ட்டைக் காட்டி வெள்ளி என்று விற்றால், ராவிய இடத்தில் எடுத்த ரிப்போர்ட்டா என்று கேளுங்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பட்டறைக்காரரிடம் கேட்டதற்கு முதலில், "கொண்டு வாங்க மேடம், சரி பண்ணித் தர்றேன், பேட்டரிக்கு மட்டும் சார்ஜ்" என்றார். உலோகத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும் குரல் மாறியது. வெள்ளி ஃபினிஷ் என்றுதான் சொன்னாராம். வாட்ஸ்அப்பில் எழுதியது பையன் தவறாக டைப் செய்ததாம். 925 முத்திரை? "அது டிசைன் நம்பர்." இதற்கு மேல் என்ன பேசுவது!

அந்த முத்திரையைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 925 என்ற எண்ணை மட்டும் யார் வேண்டுமானாலும் குத்தலாம், அது ஹால்மார்க் ஆகாது. தங்கத்துக்கு ஹால்மார்க் கட்டாயம், வெள்ளிக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் 2025 செப்டம்பர் 1 முதல் ஹால்மார்க் போடும் வெள்ளிக்கும் ஹெச்யூஐடி எண் வருகிறது, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட, ஒவ்வொரு நகைக்கும் தனியான அடையாளம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கடை, எந்த ஹால்மார்க் சென்டர், என்ன சுத்தம் என்று காட்டிவிடும். பேட்டரியும் சக்கரமும் உள்ளே வைக்கிற நகைக்கும் இது முடியும், வெறும் வெள்ளி பாகத்தை முதலில் ஹால்மார்க் பண்ணிவிட்டு மற்றதைப் பிறகு பொருத்தச் சொல்லுங்கள். எப்படியும் நெருப்பு வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் பேட்டரியும் எல்இடியும் உள்ளே போக முடியும், வெள்ளி பற்றவைக்கிற சூடு 600 டிகிரிக்கு மேல். ஆகவே பேட்டரி இருப்பதால் முடியாது என்று சொல்வது பெரும்பாலும் சாக்குதான்.

இந்த மாதிரி நகை வாங்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பின்மூடி ஸ்க்ரூ வைத்ததா என்று பாருங்கள், உங்கள் எதிரிலேயே திறக்கச் சொல்லுங்கள். பேட்டரியை நீங்களே மாற்ற முடிய வேண்டும். பில்லில் வெள்ளி எடை தனியாக, மற்றது தனியாக எழுதி வாங்குங்கள். 'சில்வர் ஃபினிஷ்', 'ஜெர்மன் சில்வர்', 'சில்வர் டோன்' எதுவும் வெள்ளி இல்லை.

நாங்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகாரைப் பதிந்தோம். அதில் அவர் மசியவில்லை, அதனால் நோட்டீஸ் அனுப்பிவிட்டு ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இ-ஜாக்ரிதி தளம் வழியாக மனு போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அச்சடித்த பில் இல்லையே என்று தயங்க வேண்டாம், எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ரசீது, வாட்ஸ்அப் செய்தி, அந்த இரண்டு ரிப்போர்ட் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறோம். ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த அன்றே, பாதிப் பணம் தருகிறேன், மனுவை வாபஸ் வாங்குங்கள் என்று பட்டறைக்காரரிடமிருந்து போன் வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டோம். அதே பட்டறையில் வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் பேட்டரியைக் கழற்றி டேப் ஒட்டி வையுங்கள், டாலரை மட்டும் அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு இருக்கிற ஆதாரமே அதுதான்.