ஆழம் அளக்கும் கேமரா ஆளைச் சொல்லுமா: உடல் அளவா, நடையா, முகமா?

எதிரே இருப்பது ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளப்பதுதான் ஆழம் அளக்கும் கேமரா. அதன் முன் ஒருவர் வந்து நின்றால் உயரம், தோள் அகலம், கை கால் நீளம் எல்லாம் சில நொடிகளில் எண்களாகிவிடும். அந்த எண்களை மட்டும் வைத்து இவர் இன்னார் என்று சொல்லிவிடலாமா?

யோசனை பழையதுதான். பாரிஸ் போலீஸில் அல்ஃபோன்ஸ் பெர்ட்டியோன் 1880களிலேயே கைதானவர்களைப் 11 உடல் அளவுகளால் பதிவு செய்தார். பயிற்சி பெற்றவர்கள் கருவி வைத்து, தொட்டு அளந்த அளவுகள் அவை. அப்படியும் அளப்பவர் மாறினால் கணக்கு மாறியது. பின்னால் கைரேகை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கேமரா தொடுவதே இல்லை. 2010-ல் வந்த முதல் கினெக்ட் (வீடியோ கேமுக்காக மைக்ரோசாஃப்ட் விற்ற ஆழக் கேமரா) 20 மூட்டுகளைக் காட்டியது. அவை அளந்தவை அல்ல, உடலின் மேற்பரப்பைப் பார்த்து மென்பொருள் ஊகித்தவை. தொளதொள உடை போட்டால் இடுப்பு மூட்டு நகர்ந்துவிடும், கூடவே தொடையின் நீளமும் மாறும். நொடிக்கு 30 ஃபிரேம் வருகிறதே, சராசரி எடுத்தால் போச்சு என்பார்கள். அது பாதிதான் சரி. ஃபிரேமுக்கு ஃபிரேம் ஆடும் பிழை சராசரியில் கரையும். கோட்டு போட்டதால் வந்த பிழை எல்லா ஃபிரேமிலும் ஒரே பக்கம் சாயும், ஆயிரம் ஃபிரேம் எடுத்தாலும் போகாது. இன்னொன்று: உயரமானவருக்குப் பெரும்பாலும் கையும் காலும் நீளம். அதனால் பத்து அளவு எடுத்தாலும் பத்துத் தனித்தனித் தகவல் கிடைப்பதில்லை.

கேமராவிலும் வித்தியாசம் உண்டு. முதல் கினெக்ட் அகச்சிவப்புப் புள்ளிகளைத் தூவி, அவை எங்கே விழுகின்றன என்று பார்ப்பது. தூரம் இரட்டிப்பானால் பிழை சுமார் நான்கு மடங்கு. வெயிலில் புள்ளிகள் மறைந்தே போகும். 2013-ல் வந்த அடுத்த கினெக்ட் ஒளி போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டது, 25 மூட்டுகளைக் காட்டியது. உடல் அளவுக்கு என் தேர்வு இந்த இரண்டாவது வகை.

ஒரே வாகுள்ள இருவரைப் பிரிக்க நடைதான் உதவும். ஆனால் ஆள் நடக்க வேண்டும். இந்தக் கேமரா பார்க்கும் நாலரை மீட்டர் எல்லைக்குள் சில அடிகள்தான் கிடைக்கும். கையில் சுமை இருந்தாலோ கால் வலித்தாலோ நடையே மாறிவிடும். அளவையும் நடையையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது.

பூட்டைத் திறக்க என்றால் முகம் மட்டும்தான். 2017-ன் ஐஃபோன் எக்ஸ் 30,000-க்கும் மேற்பட்ட புள்ளிகளை முகத்தில் வீசுகிறது. முன்பின் தெரியாத ஒருவர் அதைத் திறக்கும் வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்று என்கிறது ஆப்பிள். இரட்டையர் விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது.

அப்புறம் உடல் அளவு எதற்கு? ஒரே வீட்டில் நாலைந்து பேர் இருந்தால், அதிலும் பெரியவரும் குழந்தையுமாக இருந்தால், யார் வந்தார் என்று பிரிக்க அது தாராளமாகப் போதும். நூற்றுக்கணக்கானோர் வரும் இடத்தில் பட்டியலைச் சுருக்க மட்டும் பயன்படும்.

எனக்கு உறுத்துவது வேறு. ஃபோனைத் திறக்க நாமே முகத்தைக் காட்டுகிறோம். உடல் அளவையும் நடையையும் தள்ளி நின்றே, நமக்குத் தெரியாமலே எடுத்துவிடலாம். முகம் தெரியாத படம்தானே என்று அதை லேசாக விடுகிறார்கள். ஆளைப் பிரித்துச் சொல்லும் எண் என்றால், புகைப்படத்துக்குக் கேட்கும் அதே சம்மதத்தை அதற்கும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.