ஃபிகோவா, வேகன் ஆரா: மூன்று லட்சத்துக்குள் ஒரு பழைய கார்

2024 பிப்ரவரியில் மூன்று லட்ச ரூபாய்க்குள் செகண்ட் ஹேண்ட் கார் தேடினேன். ஒரு மாத அலைச்சலுக்கு அப்புறம் இரண்டு வண்டிகள் மிச்சமாக நின்றன. ஒன்று 2017 ஃபோர்டு ஃபிகோ, 1.2 பெட்ரோல், டைட்டானியம் வேரியன்ட். 62,000 கி.மீ. ஓடியிருந்தது, சிங்கிள் ஓனர், விலை 2,85,000. இன்னொன்று 2014 மாருதி வேகன் ஆர் விஎக்ஸ்ஐ. 58,000 கி.மீ., இரண்டாவது ஓனர், விலை 2,95,000. ஃபிகோவைவிட மூன்று வருடம் பழைய வண்டி, ஒரு கை கூடுதலாக மாறியது, விலையும் பத்தாயிரம் அதிகம். நான் வாங்கியது இந்த வேகன் ஆரைத்தான்.

கொடுக்கிற பணத்துக்குக் கிடைக்கும் வண்டி என்று பார்த்தால் ஃபிகோ ஜெயித்துவிடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 88 குதிரைத்திறன், நாலு சிலிண்டர். வேகன் ஆருக்கு 998 சிசி, மூன்று சிலிண்டர், 68 குதிரைத்திறன். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சியின் காலம் 15 வருடம் என்பதால் ஃபிகோ 2032 வரை ஓடும், வேகன் ஆரை 2029இல் புதுப்பிக்க வேண்டும். மைலேஜில் மட்டும் வேகன் ஆர் கொஞ்சம் முந்துகிறது. கம்பெனி சொல்லும் கணக்கு லிட்டருக்கு 20.51, ஃபிகோவுக்கு 18.16. வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் கி.மீ. ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசத்தை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

ஹூண்டாய் கிராண்ட் ஐ10 ஏன் இல்லை என்று கேட்பார்கள். நல்ல வண்டிதான், ஏசி நன்றாக இருக்கிறது, ஸ்பேர் எங்கும் கிடைக்கும். அதே வருட மாடலுக்கு ஐம்பது அறுபதாயிரம் கூடுதலாகக் கேட்டார்கள். அம்மாவுக்கு மூட்டு வலி, தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து எழ முடியவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

ஃபிகோவை சென்னைக்குத் தெற்கே ஜிஎஸ்டி சாலையில் கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வரை ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் கையில் நிற்கிற விதமே வேறு. 90இல் போகும்போது வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு போகிறது, பக்கத்தில் லாரி கடந்தாலும் அசைவதில்லை. வேகன் ஆர் உயரமான வண்டி, பெருங்காற்றில் ஆடும். 80க்கு மேல் அதை நான் விரட்டுவதே இல்லை. இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் அந்த ஃபிகோவில் இருந்தன. நான் வாங்கிய வேகன் ஆரில் ஏர்பேக் கிடையாது. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2014 ஜனவரியில் வெளியிட்ட சோதனையில் இந்தியச் சிறிய கார்கள் ஐந்தும் பூஜ்ஜிய நட்சத்திரம் வாங்கின. அதில் பழைய ஃபிகோவும் ஒன்று. ஆனால் 2015க்கு அப்புறம் வந்த ஃபிகோவின் உடன்பிறப்பான ஆஸ்பையர் செடான் 2017இல் மூன்று நட்சத்திரம் வாங்கியது. நான் எடுத்த முடிவில் என்னை இன்னும் உறுத்துவது இந்த ஒரு விஷயம்தான். தினமும் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவர் எனக்கு எதிராக முடிவெடுத்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

சரி, இவ்வளவு இருந்தும் ஃபிகோ ஏன் மலிவு? 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. 2022இல் மறைமலை நகர் ஆலையும் ஓய்ந்தது. எங்கள் வீட்டிலிருந்து அந்த ஆலை கூப்பிடு தூரம்; ஷிப்ட் பஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. முதல் ஃபிகோ இங்கேதான் தயாரானது. 2015க்குப் பிந்தையது குஜராத்தின் சானந்தில் தயாரானது, அந்த ஆலை இப்போது டாடா கையில். சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று ஃபோர்டு சொன்னது, தொடரவும் செய்கிறது. மறைமலை நகர் ஆலையை ஏற்றுமதிக்காகத் திறக்கப்போவதாக 2024 செப்டம்பரில் ஓர் அறிவிப்பும் வந்தது. ஆனால் அதனால் பழைய ஃபிகோவின் ஹெட்லைட் தெருமுனைக் கடைக்கு வந்துவிடாது.

என் முடிவு நின்றது இந்த இடத்தில்தான். கார் ரிப்பேரே ஆகாமல் ஓடுமா என்பதைத்தான் நம்பகத்தன்மை என்று பொதுவாகச் சொல்கிறோம். பத்து வருட வண்டியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. எதுவாக இருந்தாலும் ஒருநாள் நிற்கும். நின்றபின் எத்தனை மணி நேரத்தில் மறுபடி கிளம்பும் என்பதை வைத்துத்தான் பழைய காரை எடை போட வேண்டும். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். வருடத்துக்கு ஐந்தாறு முறை, ஒரு வழிக்கே ஐந்நூறு கி.மீ.க்கு மேல், அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறேன். எது நடந்தாலும் என் மெக்கானிக் இருக்கும் கூடுவாஞ்சேரியில் நடக்காது. திண்டிவனத்துக்கும் மதுரைக்கும் நடுவே எங்கோதான் நடக்கும்.

அதனால் ஒரு சனிக்கிழமை, துண்டுத் தாளில் பட்டியல் எழுதிக்கொண்டு, சென்னையில் கார் ஸ்பேர் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன். கிளட்ச் செட், பிரேக் பேட், லோயர் ஆர்ம், ஹெட்லைட், சைடு மிரர், ரேடியேட்டர் ஹோஸ். இரண்டு வண்டிக்கும் இருக்கிறதா என்று மூன்று கடைகளில் கேட்டேன். பிரேக் பேடும் கிளட்ச்சும் ஃபிகோவுக்கும் உடனே எடுத்துக் காட்டினார்கள். அடிக்கடி தேய்கிற பொருள் எல்லா வண்டிக்கும் கிடைக்கிறது. ஹெட்லைட்டுக்கும் ஹோஸுக்கும் வந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. வேகன் ஆருக்கு ஒரிஜினல் வேண்டுமா, டூப்ளிகேட் போதுமா என்று கேட்டார்கள். ஃபிகோவுக்கு, "அட்வான்ஸ் குடுத்துட்டுப் போங்க சார், வந்ததும் போன் பண்றேன்" என்றார்கள். மூன்றாவது கடையில் இருந்த பெரியவர் விளக்கமாகவே சொன்னார்: "வண்டி மேல குறை இல்ல தம்பி. ரோட்டுல எது நிறைய ஓடுதோ அதுக்குத்தான் நாங்க காசு போட்டு அடுக்கி வைப்போம்." சென்னையிலேயே இப்படி என்றால் விராலிமலையிலும் துவரங்குறிச்சியிலும் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன்.

ஒரு நண்பருக்கு நடந்ததும் மனதில் இருந்தது. அவருடையது ஃபிகோ இல்லை, வேறு கம்பெனி வண்டி. அந்தக் கம்பெனியும் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது, பெயர் வேண்டாம். திண்டுக்கல் பக்கம் போனபோது ஒரு சின்ன சென்சார் போய்விட்டது. பொருளின் விலை 1,800 ரூபாய். அது வந்து சேர 17 நாள் ஆயிற்று. குடும்பத்தோடு பஸ்ஸில் திரும்பியது, வண்டியை எடுக்க மறுபடி போனது, நடுவில் ஒரு கல்யாணத்துக்கு வாடகை கார் பிடித்தது எல்லாம் சேர்ந்து பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது.

இன்ஜினுக்குள்ளும் ஒரு வேறுபாடு இருக்கிறது. இன்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பதற்கு அந்த ஃபிகோவின் 1.2 இன்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட். வேகன் ஆரின் கே10 இன்ஜினில் டைமிங் செயின். பெல்ட் ரப்பர், கி.மீ. குறைவாக ஓடினாலும் வயசாகும். அறுந்தால் இன்ஜின் உள்ளேயே அடிபடும். ஆயிலை ஒழுங்காக மாற்றினால் செயின் பாட்டுக்கு ஓடும். நான் பார்த்த ஃபிகோவின் சர்வீஸ் புத்தகத்தில் பெல்ட் மாற்றியதாக எழுதியிருக்கவில்லை. வாங்கியிருந்தால் முதல் வாரமே அதற்கு ஒரு செலவு வைக்க வேண்டியிருந்திருக்கும்.

இடையில் ஒன்று, சென்னைக்காரர்கள் எந்த வண்டி பார்த்தாலும் செய்ய வேண்டியது. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் எத்தனையோ கார்களை முங்க வைத்தன. அவை துடைத்து, பாலிஷ் போட்டு, சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. நான் முதலில் பார்த்தது வேறொரு வேகன் ஆர். பளபளவென்று இருந்தது. டிரைவர் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தேன். கடைசி ஒரு முழத்தில், வழக்கமாக யாரும் இழுக்காத பகுதியில், சேற்று நிறத்தில் ஒரு கோடு. ஸ்டெப்னி வைக்கும் குழியின் ஓரத்தில் விரலை விட்டால் மணல் ஒட்டியது. விற்றவர் தனக்கு எதுவும் தெரியாது என்றார். அப்படிப்பட்ட வண்டியில் வயரிங் எப்போது போகும் என்று சொல்லவே முடியாது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கிய வண்டிக்கு வருகிறேன். 2024 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், துவரங்குறிச்சியைத் தாண்டியதும் டேஷ்போர்டில் சூட்டுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினேன். பானெட்டுக்குக் கீழிருந்து ஆவி. ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கிளிப் போடும் இடத்தில் பிளந்திருந்தது. பத்து வருடத்து ரப்பர், முந்தைய ஓனர் மாற்றவே இல்லை. வாங்கிய கையோடு நான் மாற்றியிருக்க வேண்டும். எதிரே இருந்த பஞ்சர் கடைத் தம்பி தனக்குத் தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "வேகன் ஆர்ல பத்துக்கு முந்துனதா, பிந்துனதாண்ணே?" 2010க்குப் பிந்தியது என்றேன். இருபது நிமிடத்தில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து இறங்கினார். ஹேண்டில்பாரில் புது ஹோஸ் தொங்கியது, முன்னால் கூலன்ட் கேன். இன்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே விடவில்லை. ஹோஸை மாட்டி, கூலன்ட் ஊற்றி, காற்று போகும்வரை இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். நின்றதிலிருந்து கிளம்பியதுவரை ஐம்பது நிமிடம். ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து 900 ரூபாய் வாங்கினார். அம்மா அதுவரை புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தார்.

அந்த மெக்கானிக்கின் கடையில் அந்த ஹோஸ் ஏன் தொங்கிக்கொண்டிருந்தது? அந்தச் சாலையில் தினம் எத்தனை வேகன் ஆர் போகிறது என்பது அவருக்குத் தெரியும். நான் கூடுதலாகக் கொடுத்த பத்தாயிரத்துக்கும், விட்டுக்கொடுத்த மூன்று வருடத்துக்கும் எனக்குக் கிடைத்தது அதுதான்.

ஒன்றரை வருடத்தில் 22,000 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். இரண்டு சர்வீஸ் 9,000, பேட்டரி 4,500, இரண்டு டயர் 7,600, முன் சஸ்பென்ஷன் புஷ் வேலை 5,200, அந்த ஹோஸ் 900. மொத்தம் 27,200. பேட்டரியும் டயரும் எந்த வண்டிக்கும் வரும் செலவு. ஒன்றரை வருடம் என்பது குறைந்த காலம்தான், லட்சம் கி.மீ. தாண்டியபின் இதே கணக்கு நிற்கும் என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன். டீசல் வண்டிகளுக்கும் இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்க்க வேண்டாம், நான் டீசல் வைத்ததில்லை. என் வேகன் ஆரை விற்றால் என்ன கிடைக்கும் என்று போன மாதம் சும்மா விலை கேட்டுப் பார்த்தேன், டீலர் யோசிக்காமல் 2,40,000 என்றார்.

ஃபிகோ யாருக்குச் சரி வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். சென்னை மாதிரி பெரிய ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர், ஃபோர்டு வண்டி தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருப்பவர், ஒரு பொருளுக்குப் பத்து நாள் காத்திருந்தாலும் வேலை கெடாதவர். வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால் இன்னும் நல்லது. அவருக்கு மூன்று லட்சத்துக்குள் இதைவிட நல்ல கார் கிடைப்பது கஷ்டம். மறைமலை நகர் சுற்று வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு, ஃபோர்டு வண்டியைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் இங்கே நிறைய.

நான் வேண்டாம் என்று விட்ட அந்த ஃபிகோவை எங்கள் தெருவிலேயே ஒருவர் 2,75,000க்கு வாங்கினார். வாங்கியதும் டைமிங் பெல்ட்டை மாற்றினார். தாம்பரம் வரை தினமும் ஆபீஸுக்கு எடுத்துப் போகிறார், வண்டி அருமையாக ஓடுகிறது. வெளியூருக்கு ரயிலில்தான் போவார். பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் அந்த மாடலுக்கு ஒரு ஜோடி ஹெட்லைட் கண்ணில் பட்டபோது பேரம் பேசி வாங்கி, பழைய போர்வையில் சுற்றி வீட்டுப் பரணில் வைத்திருக்கிறார்.